தமல்பாயிஸ் மலைச்சாரலிலே

கலிபோர்னியா மாநிலத்திலே, சன் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கோல்டன் கேற் பாலத்தைக் கடந்ததும் மரின் கவுண்டி என்னும் நிலப்பகுதி தொடங்குகின்றது. 1937 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அப்பாலத்தின் செந்நிறத் தூண்கள் பின்னே மூடுபனியில் மறையுந் தறுவாயில், முன்னே ஒரு மலை மெல்லத் தோன்றும். அதன் பெயர் தமல்பாயிஸ். உயரம் 2,571 அடி. நமது பீதுருதாலகால மலையின் உயரத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. ஆயினும் கடலோரத்திலிருந்தே எழுந்து நிற்பதால், காண்போருக்கு அது தன் அளவினும் பெரிதாகவே தோற்றுகின்றது. ஒருபுறம் பசிபிக் சமுத்திரம், மறுபுறம் விரிகுடா, இடையிலே செம்மரக் காடுகளும் காய்ந்த பொன்னிறப் புல்வெளிகளுமாகக் கிடக்கும் அம்மலையைக் காலையிற் காண்பது ஒரு காட்சி. பிற்பகலிலே சமுத்திரத்துப் பனி அதன் தோள்களைத் தழுவி இறங்கும்போது காண்பது வேறொரு காட்சி.

பெயரைக் கேட்டவுடன் தமிழர் செவி சற்றே நிமிரும். அவசரப்பட வேண்டாம். அந்நாட்டின் ஆதிக்குடிகளான மிவோக் மக்களின் மொழியிலே 'தமல்' என்பது மேற்றிசையை, அதாவது கடற்கரைப் பக்கத்தைக் குறிக்குமாம். 'பாயிஸ்' என்பது மலை. ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு ஆராய்ச்சி நூல் எழுதப் புறப்படும் அன்பர்கள் நம்மிடையே உள்ளாராதலின் இதனை முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

இம்மலை உலகப் புகழ் பெற்றது இரண்டு சில்லுகளால். மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே அமைந்த துவிச்சக்கரவண்டி, இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஏறிச் செல்லும் அந்த வண்டி, தன் உருவத்தைப் பெற்றது பெரும்பாலும் இம்மலையின் சாரல்களிலேதான்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் விரிகுடாப் பகுதியில் வசிக்கும் என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு வழக்கு என் வருகைக்காகக் காத்திருந்தது. மருமகனுக்கு வயது பத்தொன்பது. படிப்புக்கிடையே மாலை நேரங்களில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்து தொள்ளாயிரம் டொலர் சேர்த்து வைத்திருந்தான். அப்பணத்தில் மலைத் துவிச்சக்கரவண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவன் விருப்பம். "தம்பி, நீயாவது இவனுக்குப் புத்தி சொல்லு. பெரிய கடைகளிலே முந்நூறு டொலருக்கு விற்கிற சைக்கிள் ஓடாதோ?" என்றார் அக்கா. அவனுடைய தோழர்களோ, மூவாயிரத்துக்குக் குறைந்த வண்டியெல்லாம் வண்டியே அல்ல, மீதியைக் கடனாக வாங்கு என்று ஓதியிருந்தனர். இந்த இரண்டுக்குமிடையிலே பையன் தத்தளித்துக்கொண்டிருந்தான். சிறுபிள்ளை சேர்த்த பணம். ஆயினும் அது அவன் முதன்முதல் உழைத்துச் சேர்த்த பணம். அது வீணாகுமாயின் அவன் மனத்தில் அந்நட்டம் நெடுநாள் நிற்கும் என்பதை நான் அறிவேன்.

யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த எவருக்கும் துவிச்சக்கரவண்டியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தே தீரும். 1990 களிலே எரிபொருட் தடை நிலவிய காலத்தில் எங்கள் ஊரையே சுமந்தது அதுதானே! நோயாளியும் நெல்மூடையும் மணமகளும் அதிலேதான் போயினர். வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. என் தந்தையாரின் றலி வண்டியிலே சில்லு, சங்கிலி, ஆசனம், கைபிடி யாவும் காலத்துக்குக் காலம் மாறின. மாறாதிருந்தது பிறேம் எனப்படும் சட்டகம் ஒன்றே. ஆதலின், "முதலில் மலையைப் பார்ப்போம், பிறகு கடையைப் பார்ப்போம்" என்று மருமகனிடம் சொன்னேன். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. நான் தீர்ப்பை ஒத்திவைப்பதாக அவர் எண்ணினார்.

மறுநாட் காலை மில் வலி என்னும் சிற்றூரிலே வாடகைக்கு இரண்டு வண்டிகள் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அங்கிருந்து மலையுச்சிக்குச் செல்லும் பழைய புகையிரதப் பாதை, காண்பதற்கு மட்டுமன்றி ஏறுவதற்கும் இனியது. 1896 ஆம் ஆண்டிலே இம்மலைக்கு ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. எட்டு மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலே 281 வளைவுகள்! உலகிலேயே மிகக் கோணலான புகையிரதப் பாதை என்று அதன் சொந்தக்காரர் விளம்பரம் செய்தனர். ஓரிடத்திலே அப்பாதை கயிற்று முடிச்சுப்போலத் திரும்பித் திரும்பித் தனக்குத்தானே பக்கத்திலே ஓடிற்று. உச்சியிலிருந்து இறங்கும்போது, எஞ்சின் பூட்டாத சிறு வண்டிகளிலே பிரயாணிகளை ஏற்றி, பிறேக்கைப் பிடித்தவண்ணம் தானாகவே உருண்டு வரச் செய்தனராம். 1929 இல் மலையிலே பெருந்தீ மூண்டது. மோட்டார் வாகனங்களும் பெருகவே, 1930 இல் புகையிரதச் சேவை நின்றது. தண்டவாளங்களையும் கழற்றிச் சென்றனர். சரிவு மட்டும் எஞ்சியது. பழைய நீராவி எஞ்சின்கள் மூச்சிரைத்து ஏறுவதற்காக அளந்து வெட்டிய அச்சரிவு, இன்று நூறடிக்கு ஏழடிக்கு மேல் உயராமல், துவிச்சக்கரவண்டிக்காரருக்கு வரப்பிரசாதமாய் அமைந்துவிட்டது.

பாதை பரல்கற்கள் நிறைந்தது. மழை வெள்ளம் குறுக்கே அரித்த வடுக்களும் உண்டு. நாங்கள் ஏறிச் சென்றவை 'ஹார்ட்டெயில்' என்னும் வகையைச் சேர்ந்தன. முன் சில்லைத் தாங்கும் போர்க்கிலே மாத்திரம் வில்லமைப்பு இருக்கும். பின்புறம் நமது ஊர் வண்டிபோல விறைப்பாகவே இருக்கும். முன்னும் பின்னும் வில்லுள்ள வண்டிகளும் உண்டு. அவற்றின் பின்புறத்திலே மூட்டுகளும் தாங்கிகளும் அதிர்ச்சிதாங்கியுமாகப் பராமரிப்பு வேலை பெருகும். குறைந்த விலையிலே அவையெல்லாம் செம்மையாய் அமைதல் அரிது. ஆகவே முதல் வண்டி வாங்குவோருக்கு ஹார்ட்டெயிலே தகும் என்பது அனுபவசாலிகளின் கருத்து. ஏறும்போது நான் கண்டதும் அதுவே. மிதிக்கும் வலுவெல்லாம் நேரே பின்சில்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

1904 இலே புகையிரதப் பிரயாணிகளுக்காகக் கட்டப்பட்ட வெஸ்ற் பொயின்ற் விடுதி இன்றும் வழியிலே நிற்கின்றது. அதன் முன்றிலில் அமர்ந்து பார்த்தால், கீழே விரிகுடாவும் சன் பிரான்சிஸ்கோவின் கட்டடங்களும் பொம்மைக் கொலு வைத்தாற்போலத் தோன்றும். அங்கிருந்து உச்சி தூரமில்லை. உச்சியில் நின்று மேற்கே நோக்கினோம். சமுத்திரத்தின்மேல் பஞ்சுப் பொதிபோலப் பனி கிடந்தது. வானம் தெளிந்த நாட்களிலே பரலோன் தீவுகள் தெரியும் என்றனர். எங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இம்மலையின் வடமேற்கே, பெயர்பக்ஸ் என்னும் ஊரை அடுத்துப் பைன் மலை உள்ளது. அங்கேதான் 'றீபக்' என்னும் பேர்போன மலைப்பாதை இருக்கின்றது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துள் 1,300 அடி இறங்கும் பாதை அது. 1970 களிலே இப்பகுதி இளைஞர் சிலர், 1930 களிலும் 40 களிலும் செய்யப்பட்ட பழைய ஷ்வின் கம்பனி வண்டிகளைக் குப்பையிலிருந்தும் பழம்பொருட் கடைகளிலிருந்தும் பொறுக்கியெடுத்தனர். பருத்த ரயர் பூட்டிய அவ்வண்டிகள் பத்திரிகை போடும் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டவை. விலை ஐந்து, பத்து டொலர். அவற்றை மலையுச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தலைதெறிக்கக் கீழே விடுவதே விளையாட்டு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லைப் பிடிக்கும் பழைய பிறேக் ஒன்றே அவற்றுக்கு இருந்தது. அடிவாரம் சேர்வதற்குள் அது கொதித்து, உள்ளே இருந்த கிறீஸ் எல்லாம் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறையும் சில்லின் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்ற அதே வேலைதான் றீபக் என்று அந்தப் பாதைக்குப் பெயராயிற்று.

1976 ஒக்ரோபர் 21 ஆந் தேதி சார்லி கெலி என்பவர் அங்கே முதற் பந்தயத்தை நடத்தினார். வென்றவர் அலன் பொண்ட்ஸ். அன்று விழாமல் வந்தவர் அவர் ஒருவரே என்பர். பின்னர் நடந்த பந்தயங்களில் கெரி பிஷர் 4 நிமிடம் 22 செக்கனில் இறங்கியதே விரைவிற் சிறந்தது. மணிக்கு 25 மைலுக்கு மேற்பட்ட வேகம்! அதுவும் கல்லிலும் புழுதியிலும், பத்து டொலர் வண்டியிலே.

அப்பாதையின் மேல்முனையில் நின்றபோது எனக்குத் தோன்றியதை மருமகனிடம் சொன்னேன். இவர்கள் செய்தது என்ன? கையில் இருந்த வண்டியிலே குறை கண்ட இடத்தை மாத்திரம் ஒவ்வொன்றாக மாற்றினர். பிறேக் எரிந்தது, பெரிய டிரம் பிறேக்கும் மோட்டார் சைக்கிளின் பிடியும் பூட்டினர். ஏறுவதற்குச் சிரமமாயிருந்தது, ஓட்டப்பந்தய வண்டியின் கியரைக் கொணர்ந்து பூட்டினர். இந்தக் கியர் யோசனை இவர்களுக்கே உரியதன்று. 1974 டிசெம்பரில் மில் வலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் கூப்பர்ற்றினோ என்னும் ஊர் இளைஞர் சிலர் அவ்வாறான வண்டிகளிலே வந்திருந்தனர். இப்படி எல்லாவற்றையும் மாற்றிய பின்னர் கடைசியாக ஒடிந்தது எது? சட்டகம்! அதனை மாற்றினால் வண்டியே புதிது என்றாகிறது. ஆகவே ஜோ பிறீஸ் என்பவர் 1977 இல் குரோம்-மொலிப்டினம் உருக்குக் குழாய்களாலே முற்றிலும் புதிய சட்டகம் ஒன்றைத் தம் கையாற் செய்தார். மலைக்கென்றே முதன்முதல் திட்டமிட்டுச் செய்யப்பட்ட நவீன வண்டி அதுவே என்று கொள்வர்; இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூதனசாலையைச் சேர்ந்த உடைமை. 1979 இல் கெலியும் பிஷரும் சேர்ந்து, ரொம் றிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு ஒரு சிறு வியாபாரம் தொடங்கினர். 1981 இல் 'ஸ்ரம்ப்ஜம்பர்' என்னும் வண்டி யப்பானிலே தொகையாகச் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தது. 1989 இல் றொக்ஷொக்ஸ் நிறுவனத்தின் வில்வைத்த போர்க் வந்தது. 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக்கிலே மலைச் சைக்கிளோட்டம் பந்தயமாயிற்று. குப்பையிலிருந்து ஒலிம்பிக் வரை இருபதே ஆண்டுகள்.

இவ்வரலாற்றையெல்லாம் பெயர்பக்ஸ் ஊரிலே 2015 இல் திறக்கப்பட்ட துவிச்சக்கரவண்டி நூதனசாலையிற் காணலாம். சிறிய கட்டடந்தான். ஆயின் அங்குள்ள பழைய வண்டிகளின் முன்னே நின்றால், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இரவிரவாக உட்கார்ந்து துளைத்த துளையும் ஒட்டிய ஒட்டும் தெரிகின்றன. பையன் அங்கே அரைநாள் நின்றான். மூவாயிரம் டொலர் கதையை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

பிற்பகலிலே கடைகளைச் சுற்றினோம். அக்கா சொன்ன முந்நூறு டொலர் வண்டியையும் நேர்மையாகப் பார்த்தோம். முன்னும் பின்னும் வில், பளபளக்கும் வர்ணம், தடித்த எழுத்துகள். தூக்கிப் பார்த்தால் கல்லுப்போலக் கனம். பின்சில்லிலே பற்சக்கரங்கள், நம் ஊர்ப் பிரீவீல்போலத் திருகிப் பூட்டப்பட்டிருந்தன. இவ்வமைப்பிலே, பற்சக்கரம் பெருகப் பெருக அச்சைத் தாங்கும் குண்டுகள் உட்பக்கம் தள்ளிப் போகின்றன. வெளியே நீளும் அச்சு கல்லில் விழும்போது வளையும். இத்தகைய வண்டிகள் சிலவற்றிலே, கரடுமுரடான பாதையில் ஓட்டற்க என்று சிறிய எழுத்திலே ஒட்டியிருப்பதும் உண்டு. மலை வண்டி என்று விற்றுவிட்டு மலைக்குப் போகாதே என்று சொல்லும் வியாபாரத் தந்திரத்தை என்னவென்பது! கடைக்கும் நூல்நிலையத்துக்கும் போகிறவனுக்கு அது போதும். அக்காவின் கணக்கு அந்த அளவிலே சரியானதே.

அடுத்துப் பார்த்தவை ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட விலையுள்ள ஹார்ட்டெயில்கள். இவற்றிடையேதான் தெரிவு கடினம். ஏனெனில் வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும். இவ்வட்டாரத்திலே 1986 இல் தொடங்கப்பட்ட மரின் என்னும் கம்பனி, தன் வண்டிகளுக்குப் பொலினாஸ் றிட்ஜ், பொப்கற் ற்ரெயில் என்று இம்மலைப் பகுதிப் பாதைகளின் பெயர்களையே சூட்டியிருக்கின்றது. பையன் பெயரிலே மயங்கி நின்றான். நான் பெயரை விட்டுவிட்டு முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தேன். கடைக்கார இளைஞர் நல்லவர், "ஐயா எதைப் பார்க்கிறார்?" என்று மருமகனிடம் ஆங்கிலத்திலே கேட்டு, தெரிந்துகொண்டதும் தாமும் அருகே வந்து குனிந்தார்.

நாம் பார்க்க வேண்டியவை மாற்ற முடியாதவை. மாற்றக்கூடியவற்றைப் பின்னர் பார்க்கலாம். முதலாவது, போர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய். மலிவான சட்டகங்களிலே அது மேலும் கீழும் ஒரே பருமனாக இருக்கும். இக்காலத்து நல்ல போர்க்குகளின் தண்டோ மேலே ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்து, கீழே ஒன்றரை அங்குலமாகப் பருத்து வரும். ஒடுங்கிய குழாயிலே அது நுழையாது. இன்று மலிவான போர்க் பூட்டியிருந்தாலும், குழாய் கீழே அகன்றிருந்தால் நாளை நல்லதைப் பூட்டலாம். இல்லையேல் அந்த வாசல் மூடியதுதான்.

இரண்டாவது, பின்சில்லின் அச்சு. பழைய முறையிலே அச்சு இரண்டு பிளவுகளிற் செருகி இறுக்கப்படும். அகலம் 135 மில்லிமீற்றர். இப்போது 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள அச்சு சட்டகத்தின் இருபுறத் துளைகளையும் ஊடுருவிச் சென்று திருகப்படுகின்றது, அகலம் 148. இதனாற் பின்புறம் நெளியாது, பிறேக் தட்டும் உரசாது என்பது ஒருபுறமிருக்க, முக்கியமான நியாயம் வேறு: இனிமேல் வாங்கக் கிடைக்கும் நல்ல சில்லுகள் பெரும்பாலும் இவ்வளவுக்கே செய்யப்படுகின்றன. இடைப்பட்ட 141 மில்லிமீற்றர் என்று ஒன்றும் உண்டு. அது பழைய முறை அச்சுக்குப் புதிய அகலம் கொடுத்த சமாளிப்பு. அதனை நான் விரும்பவில்லை.

சில்லின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 29 அங்குலச் சில்லே இப்போதைய மோஸ்தர். அவ்வளவு பெரிய சில்லு முன்பு இருந்ததேயில்லை என்று மருமகன் எண்ணியிருந்தான். 29 என்று பெயர்பெற்ற அச்சில்லின் றிம் ரயர் அமரும் இடத்திலே 622 மில்லிமீற்றர் விட்டமுடையது. அவனுடைய பாட்டனார் ஓட்டிய 28 அங்குல றலியின் றிம் 635 மில்லிமீற்றர். கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். ரயர் பருத்திருப்பதால் வெளிவிட்டத்துக்கு இட்ட பெயர்தான் 29. எனினும் கல்லையும் வேரையும் தாண்டிச் செல்லப் பெரிய சில்லே நன்று. ஆறடிக்குச் சற்றே குறைந்த அவனுக்கு அது பொருந்தும்.

எஞ்சியவை விரைவாகவே முடிந்தன. பின்சில்லின் குடம் திருகு பிரீவீல் அன்றிக் கசெட் ஏற்கும் குடமாயிருத்தல் வேண்டும். ஷிமானோவின் பழைய வரிப்பள்ள அமைப்பு இருந்தால், எட்டுப் பற்சக்கரத்திலிருந்து பதினொன்று வரை அதிலே ஏற்றலாம். 2023 இல் வந்த கியூஸ் என்னும் புதிய வகையும் அதிலேயே ஏறும். ஆசனத்தை ஓட்டத்தின் நடுவே விரலால் அமுக்கித் தாழ்த்தும் தண்டு பிற்காலத்தில் வேண்டியிருக்கும். அதற்குக் குழாயின் விட்டம் 30.9 அல்லது 31.6 மில்லிமீற்றராயிருந்தால் தெரிவு அதிகம், கம்பி உள்ளே செல்ல ஒரு துளையும் வேண்டும். பிறேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதாயிருத்தல் நலம். இந்த விலையிலேயே அவை நன்றாகக் கிடைக்கின்றன.

இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்தபின் இரண்டு வண்டிகள் எஞ்சின. ஒன்றிலே பன்னிரண்டு பற்சக்கரம் கொண்ட விலையுயர்ந்த கியர், கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு; சட்டகமோ பழைய முறை. மற்றையது முந்திய ஆண்டு வந்து விற்காமல் நின்றது. மங்கிய பச்சை நிறம், ஒன்பது பற்சக்கரம், சுருள்வில் வைத்த கனத்த போர்க். ஆயின் சட்டகத்திலே நாம் தேடிய யாவும் இருந்தன. விலை கழித்து எழுநூற்றெண்பது டொலர். கம்பனியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடுமாதலின் விடுகின்றேன்.

பையனின் கண் முதலாவதிலே நின்றது. அது இயற்கையே. நான் வற்புறுத்தவில்லை. "இரண்டு வருடத்தில் எதை மாற்ற நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன். கடதாசி ஒன்றை எடுத்து இருவண்டிக்கும் கணக்கெழுதினான். கியர் தேய்வது, எப்படியும் மாற்ற வேண்டியதே. முதலாவதற்கு நல்ல போர்க்கும் சில்லும் வேண்டுமென்றால் சட்டகத்தையே மாற்ற வேண்டியதாகிறது. அரைமணி நேரம் கழித்து, "பச்சைதான், மாமா" என்றான். குரலில் சிறிது வருத்தம் இருந்தது. அதனை மறைக்கவும் அவன் முயலவில்லை.

மாற்றிக்கொண்டே போகலாம் என்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கினால் முழு வண்டியிலும் மிக அதிக விலையாகும். காற்றழுத்தத்தால் இயங்கும் நல்ல போர்க் ஒன்றே இவ்வண்டி விலையில் மூன்றிலொரு பங்கை விழுங்கும். ஆகவே தேய்ந்ததை மாற்றும்போது ஒருபடி உயர்ந்ததாக மாற்றுக என்று முடிவு செய்தோம். விலக்கு ரயருக்கு மாத்திரம். மண்ணைத் தொடுவது அது ஒன்றுதான். நல்ல ரயரால் வண்டியின் குணமே மாறும். றிம் இடங்கொடுத்தால் ரியூபை எடுத்துவிட்டு, ஓட்டையை அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றி ஓடலாம். அப்போது காற்றைக் குறைத்துச் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் அளவிலே வைக்கலாம். கல்லுப்போல இறுகக் காற்றடித்து ஓடிய என் கைகளுக்கு இது முதலிற் கோழைத்தனமாகவே பட்டது. ஆயினும் பரல்பாதையிலே ரயர் நெகிழ்ந்து மண்ணைப் பற்றும் சுகத்தை வாடகை வண்டியிலேயே அறிந்துவிட்டேன். அடுத்தது, ஆணிகள் வைத்த அகலப் பெடல். பிறகு சங்கிலி: அது நூற்றுக்கு அரைப்பங்கு நீண்டதும் மாற்றினால் பற்சக்கரங்கள் பிழைக்கும். அளக்கும் கருவிக்குச் சில டொலர்தான்.

போர்க்கிலும் அளவு மீறலாகாது. அந்தச் சட்டகம் 120 மில்லிமீற்றர் வில்லோட்டத்துக்கெனச் செய்யப்பட்டது. இருபது மில்லிமீற்றர் கூட்டினால் முன்குழாயின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும்; சட்டகத்தின்மேல் வீழும் நெம்பும் கூடும். கம்பனி இத்தனைதான் என்று சொன்னால் அத்தனையோடு நிற்க வேண்டும்.

வண்டி வாங்கியாயிற்று, ஓட்ட இடம் வேண்டுமே! இங்கேதான் இம்மலையின் ஒரு முரண்பாட்டைக் கண்டேன். மலைச் சைக்கிளின் தாயகமாகிய இங்கே, ஒற்றையடிப் பாதைகளிற் பெரும்பாலானவை துவிச்சக்கரவண்டிக்கு நெடுங்காலமாக அடைபட்டுள்ளன. அகன்ற தீயணைப்புப் பாதைகளிலேதான் ஓடலாம். அங்கும் மணிக்கு 15 மைல், வளைவுகளிலும் பிறரைக் கடக்கும்போதும் 5 மைல் என்று விதி. நடப்போரும் குதிரையேறுவோரும் சைக்கிள்காரரும் பல ஆண்டுகளாக இதுபற்றி வழக்காடி வருகின்றனர். இம்மலையின் நீர்த்தேக்கங்களே மரின் மக்களுக்குக் குடிநீர் தருபவை. பாதை அரிக்கப்பட்டால் மண் ஓடையிலே சேரும், ஓடையிலே சமன் மீன்கள் முட்டையிடும் பரல்கள் மூடுண்டுபோம். காட்டைக் காப்போரின் கவலையில் நியாயம் உண்டு. அமைதியாக ஓடும் பிள்ளைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை கேட்பதிலும் நியாயம் உண்டு. நாலு மைல் வேகத்தில் நடக்கும் முதியவர் அருகே இருபது மைல் வேகத்தில் ஒருவன் சீறிச் செல்வதைக் கண்ட நான், விதியின் பக்கமே சாய்கின்றேன்.

ஆனால் சன் றபயெல் ஊருக்கருகே, விரிகுடாக் கரையிலே சைனா காம்ப் என்னும் அரச பூங்காவிலே ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்குத் திறந்தேயுள்ளன. ஓக் மரநிழலிலே நெளிந்து செல்லும் பாதைகள்; ஒருபக்கம் சதுப்புநிலமும் நீரும். கொழும்பு திரும்புவதற்கு முதல்நாள் அங்கேதான் பச்சை வண்டியைக் கொண்டுபோனோம். அக்காவும் வந்திருந்தார். மகன் மரங்களுக்கிடையே மறைந்து, மறுபுறத்திலே வெளிப்படும்வரை அவர் வாய்திறக்கவில்லை. வெளிப்பட்டதும், "தலைக்கவசம் நல்லதுதானே, தம்பி?" என்று மட்டும் கேட்டார். வண்டியில் மிஞ்சிய பணத்திலே முதலில் வாங்கியது அதுவே என்றேன்.

தைப்பொங்கலன்று தொலைபேசியில் அழைத்தான். ரயர் இரண்டும் பெடலும் மாற்றியாயிற்று, ரியூப் எடுத்தாயிற்று, சங்கிலியை மாதந்தோறும் அளக்கிறான். சுருள்வில் போர்க் இன்னும் அதேதான். அதனை மாற்றுவதற்கு இதுவரை நூற்றுநாற்பது டொலர் சேர்ந்திருக்கிறதாம்.